வரையப்பட்டவரும் அளக்கப்பட்டவரும்: புஷ்பமாலாவின் 'தென்னிந்தியாவின் பூர்வீகப் பெண்கள்' ஒளிப்படத் தொடர் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா என்., ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய 'தென்னிந்தியாவின் பூர்வீகப் பெண்கள்: ஒழுகலாறுகளும் வழக்கங்களும்' என்னும் தொடர், ஓவியம், அச்சுப்படம், திரைப்பட நிழற்படம், செய்தித்தாள் படம், உடலளவைப் படம் முதலிய மூலங்களை மீள நிகழ்த்திப் படமாக்குகின்றது. எல்லா மூலங்களையும் ஒரே உடலால் நிகழ்த்துவதே இத்தொடரின் விமர்சன வலிமை. அதே முறை, விரும்பி நடித்தவருக்கும் வற்புறுத்தலால் நிறுத்தப்பட்டவருக்கும் உள்ள வேறுபாட்டை மறைத்தும் விடுகின்றது. ரவி வர்மா ஓவியத்தின் மீள்நிகழ்த்தலையும் தோடர் பெண்ணின் மீள்நிகழ்த்தலையும் ஒப்பிட்டு இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

திறவுச் சொற்கள்: புஷ்பமாலா, ரவி வர்மா, தோடர், உடலளவையியல், ஒளிப்பட நிகழ்த்துகலை, அருங்காட்சியகம்.

முன்னுரை

ஒளிப்படமும் ஓவியமும் தனித்தனித் துறைகளாகக் கற்பிக்கப்படினும், தென்னிந்தியப் பெண்ணின் உருவம் கட்டமைக்கப்பட்ட வரலாற்றில் அவை ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன. இச்சார்பினைக் காட்சிக்கூடச் சுவரிலேயே விளக்கிக் காட்டும் சமகாலப் படைப்புகள் சிலவே. அவற்றுள் புஷ்பமாலாவின் தொடர் முதன்மையானது. 1956இல் பிறந்த இவர் பரோடாவில் சிற்பக்கலை பயின்றவர். தொண்ணூறுகளில் தாமே வேடமேற்றுத் தோன்றும் ஒளிப்படங்களின் வழி அறியப்பட்டவர். 2019இல், ஈராண்டுக்கொருமுறை நிகழும் சென்னை ஒளிப்பட விழாவின் பொறுப்பாளராகவும் விளங்கியவர்.

இத்தொடர் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் நகைச்சுவையோடும் வேடப்பொருத்தத்தோடும் நின்றுவிடுகின்றது. யாருடைய உருவம் எந்நிலையில் எடுக்கப்பட்டு, இன்று யாரால் மீள நிகழ்த்தப்படுகின்றது என்னும் வினாவே இங்கு ஆராயத்தக்கது.

மூலங்களும் நிகழ்த்துமுறையும்

தொடர் நான்கு பகுதிகளைக் கொண்டது. 'பூர்வீக வகைமாதிரிகள்' என்னும் பகுதியில் ஒவ்வொரு படமும் முன்பே வழக்கிலிருந்த ஓர் உருவத்தைத் தழுவியது. 1889இல் ரவி வர்மா தீட்டிய 'நிலவொளியில் பெண்', ரவி வர்மா அச்சகத்தின் இலக்குமி படம், வேளாங்கண்ணி மாதாவின் வழிபாட்டுருவம், எழுபதுகளின் தமிழ்த் திரைப்பட நிழற்படம், கைதான பெண்களைக் காட்டும் செய்தித்தாள் படம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் எடுத்த தோடர் உடலளவைப் படம் ஆகியன அம்மூலங்களுள் சில. இனவரைவியல் பகுதி அளவைக் கட்டத்திரையைக் கையாள்கின்றது. மூன்றாம் பகுதி வெகுமக்கள் படவகைகளைச் சார்ந்தது. நான்காம் பகுதி, திரைச்சீலைகளும் விளக்குகளும் உதவியாளர்களும் தெரிய, படப்பிடிப்பின் செயல்முறையையே காட்டுகின்றது.

மூலத்தின் நிலை, ஆடை, ஒளி ஆகியன உழைத்துப் பின்பற்றப்படுகின்றன. எனினும் பார்ப்பவர் ஏமாறுவதில்லை. தீட்டிய திரை, தீட்டிய திரையாகவே தெரிகின்றது. இலக்குமியின் நான்கு கைகளுள் இரண்டு செய்யப்பட்டவை என்பதை ஒளிப்படம் மறைக்க இயலாது. ஓவியம் தன் ஊடகத்தின் இயல்பால் மறைத்ததை ஒளிப்படம் தன் ஊடகத்தின் இயல்பால் வெளிப்படுத்துகின்றது.

ஓவியத்துள் இனவரைவியல்

தெய்வ உருவத்தையும் உடலளவைப் படத்தையும் ஒரே வரிசையில் வைப்பது பொருந்துமா என்று கேட்கலாம். வரலாறு இதற்கு இடந்தருகின்றது. ரவி வர்மா மைசூர் மன்னருக்காகத் தீட்டிய 'இசைக் கலைஞர் குழு' ஓவியத்தில் பதினொரு பெண்கள் இடம்பெறுகின்றனர். வெவ்வேறு பகுதிகளையும் சமூகங்களையும் சேர்ந்தவர்களாக ஆடையாலும் அணிகலனாலும் அவர்கள் வேறுபடுத்தப்படுகின்றனர். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்து ஓவியங்களும் பலவகை இந்தியப் பெண்களைக் காட்டியவை. அவை பெற்ற பாராட்டில் அவற்றின் இனவரைவியல் மதிப்பும் ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது.

ஆகவே ஓவியர் அழகை மட்டும் நாடினார், அளவையாளர் தரவை மட்டும் நாடினார் என்று பிரித்துரைக்க இயலாது. பெண்ணை ஒரு 'வகை'யாகக் காணும் பார்வை இருவரிடமும் இருந்தது. 1894இல் நிறுவப்பட்ட ரவி வர்மா அச்சகம் அப்பார்வையைப் பல்லாயிரம் படிகளாக வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது. புஷ்பமாலா இவ்விரு மரபுகளையும் ஒரே தொடரில் வைத்தமை வரலாற்று நோக்கில் சரியானதே.

கட்டத்திரையின் முன்

உடலளவைப் படத்தின் பின்புலம் வேறானது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்', ஒளிப்படத்தை மக்கட்குழுக்களைப் பட்டியலிடும் கருவியாக்கியது. 1869இல் ஜான் லாம்ப்ரே, மரச்சட்டத்தில் நூல்களைக் கட்டி இரண்டு அங்குலச் சதுரங்களாகப் பிரித்து, அதன் முன் மனிதரை நிறுத்திப் படமெடுக்கும் முறையை முன்மொழிந்தார். அந்தமானில் போர்ட்மன் 1890களில் கட்டமிட்ட பின்திரையைப் பயன்படுத்தினார்.

நீலகிரித் தோடர் இவ்வாராய்ச்சிக்கு மிகுதியும் உட்படுத்தப்பட்டவர்கள். மண்டையோட்டின் அமைப்பால் மனத்தை அறியலாம் என்னும் கொள்கையோடு வில்லியம் மார்ஷல் எழுதிய நூல் 1873இல் வெளிவந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், தோடர், கோத்தர் பற்றிய தம் மானிடவியல் ஆய்வை 1896இல் அருங்காட்சியக வெளியீடாகவே கொணர்ந்தார். எனவே அருங்காட்சியகம் இப்படங்களுக்குப் பிற்காலத்தில் கிடைத்த இருப்பிடம் என்று கொள்ள முடியாது. அளவையில் அது நேரடிப் பங்கேற்பாளர்.

இதனை உணரும்போது இனவரைவியல் பகுதியின் வலிமை புலனாகின்றது. அங்குக் கட்டத்திரைக்கு முன் நிற்பவர் தற்காலக் கலைஞர். தாமே படத்தைத் திட்டமிட்டு, தாமே அளவைக்குத் தம்மை உட்படுத்திக்கொள்வதால், அளவைக் கருவியின் அறிவியல் தோற்றம் ஒரு நாடகப் பொருளாகச் சுருங்குகின்றது. அளப்பவர் விதித்த நிலையையே அளக்கப்படுபவர் நடித்துக் காட்டினார் என்பது தெளிவாகின்றது.

தலைப்பிலுள்ள பெயரும் இல்லாத பெயரும்

எனினும் ஒரு வேறுபாடு எஞ்சுகின்றது. 'நிலவொளியில் பெண்' ஓவியத்துக்கு முன்மாதிரியாக அமர்ந்தவர் தம்மையன்றி வேறொருவரைக் குறிக்கும் பாத்திரமாகவே அமர்ந்தார். திரைப்பட நடிகையும் அத்தகையவரே. இவர்களை மீள நிகழ்த்துவது நடிப்பை மீள நடிப்பதாகும். காவலரின் முன் நிறுத்தப்பட்ட பெண்ணும் அளவைத் திரையின் முன் நிறுத்தப்பட்ட தோடர் பெண்ணும் எப்பாத்திரத்தையும் ஏற்றவரல்லர். அவர்களுடைய முகமே அங்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. அம்முகத்தை நீக்கிக் கலைஞர் தம் முகத்தை வைக்கும்போது, அளவையாளர் 'தோடர்' என்னும் பொதுப்பெயருக்குள் அடக்கிய தனிமனிதர் இரண்டாம் முறையும் விலக்கப்படுகின்றார்.

படத்தலைப்புகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. ஓவியத்தைத் தழுவிய படத்தின் தலைப்பு ரவி வர்மாவின் பெயரையும் ஆண்டையும் தருகின்றது. தோடர் படத்தின் தலைப்பிலோ ஓர் இனப்பெயரும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி சார்ந்த பிரித்தானிய உடலளவை ஆய்வு என்னும் பொதுக்குறிப்புமே உள்ளன. எடுத்தவர் பெயரும் இல்லை, எடுக்கப்பட்டவர் பெயரும் இல்லை. காலனிய ஆவணத்தின் பெயரின்மையை இத்தலைப்பு எள்ளுகின்றது என்று வாதிடலாம். ஆயினும் எள்ளுவதற்கும் தொடர்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பவர் அறிய, படத்தினுள் ஒரு குறிப்பாவது வேண்டும். செயல்முறைப் பகுதி அக்குறிப்பைத் தர முயல்கின்றது. ஆனால் அது திறந்து காட்டுவது இன்றைய படப்பிடிப்புக் கூடத்தை மட்டுமே. அன்றைய படப்பிடிப்புக் கூடம் மூடியே கிடக்கின்றது.

தோடர் இன்றும் வாழும் சமூகத்தினர். அவர்தம் பெண்கள் வெண்துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் இழைக்கும் பூவேலை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. உருவங்களை ஆக்கும் மரபுடைய பெண்கள், பெங்களூர்க் கலைஞரின் தொடரிலும் உருவமாக மட்டுமே இடம்பெறுவது கவனத்திற்குரியது.

காட்சிப்படுத்தலின் பொறுப்பு

இக்குறை படைப்பை மறுப்பதற்குரியதன்று; அதனைக் காட்சிப்படுத்தும் முறையைப் பற்றிச் சிந்திக்கத் தூண்டுவது. தோடர் படத்தை மட்டும் பிரித்துத் தொங்கவிட்டால் அது வேடப்புனைவாகக் குறுகும். இனவரைவியல் பகுதியோடும் செயல்முறைப் பகுதியோடும் அருகமையும்போதுதான் அதன் வாதம் முழுமையடையும். மூல உடலளவைப் படத்தையும், அது உருவான நிறுவனச் சூழலைக் கூறும் விளக்கக் குறிப்பையும் உடன்வைத்தல் இன்னும் பொருந்தும்.

இப்பொறுப்பு ஆய்வாளர்க்கும் உண்டு. 1909இல் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூல் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' எனத் தமிழிலும் கிடைக்கின்றது. அதன் செய்திகளை மேற்கோள் காட்டுவோர், அதன் படங்களையும் விளக்கப்படங்களாக எடுத்தாள நேரும்போது, அவை எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதையும் உடன் உரைத்தல் வேண்டும்.

முடிவுரை

புஷ்பமாலாவின் தொடர், தென்னிந்தியப் பெண் என்னும் உருவம் ஓவியத்தாலும் அச்சாலும் திரைப்படத்தாலும் அளவைக் கருவியாலும் கூட்டாகச் செய்யப்பட்டது என்பதை எந்த நூலும் காட்டாத தெளிவோடு காட்டுகின்றது. நடித்தவரை மீள நடிக்கும் படங்களில் அது முழு வெற்றி பெறுகின்றது. அளக்கப்பட்டவரை மீள நடிக்கும் படங்களில், கருவியைக் கேலிக்குள்ளாக்குவதில் வெற்றி பெற்று, மனிதரை மீட்பதில் தயங்குகின்றது. அம்மனிதரின் பெயரைத் தேடும் பணி அருங்காட்சியகப் பதிவேடுகளிலும் நீலகிரி மந்துகளிலும் செய்யப்பட வேண்டியது. அதனைத் தோடர் சமூகத்தோடு இணைந்து மேற்கொள்வதே இத்தொடருக்கு ஆய்வுலகம் அளிக்கத்தக்க தகுந்த எதிர்வினையாகும்.