'ஜகாட்': திரையில் வராத வில்லன்

நுவார் படங்களில் இனவெறியை நேருக்கு நேர் காட்டிய ஒன்று, ராபர்ட் வைஸின் 'ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ' (1959). வங்கியைக் கொள்ளையடிக்கச் சேரும் மூவரில் ஒரு வெள்ளையன், கூட்டாளி கறுப்பன் என்பதாலேயே அவனிடம் கார் சாவியை நம்பிக் கொடுக்க மாட்டான். திட்டம் அங்கேயே உடைகிறது. வெறுப்புக்கு அந்தப் படத்தில் ஒரு முகம் இருக்கு: ராபர்ட் ரயனின் முகம்.

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) நம்ம ஊர் குற்றப்படம். இதில் அப்படி ஒரு முகம் கிடைக்காது. சிறுவன் அப்போயை அடிப்பது அப்பாவும் வாத்தியாரும். அவன் வியந்து பார்ப்பது கேங்கில் இருக்கும் சித்தப்பாவை. எல்லாரும் நம்ம ஆளுங்க. அப்போ தப்பு நம்மோடது மட்டும்தானா?

எனக்கு அப்படித் தோணல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டுப் புறம்போக்கில் ஒதுங்கிய குடும்பம் அது. வெளியே அனுப்பியவர்கள் திரைக்கு வருவதில்லை. இங்கே பத்து காவானிலும் ஃபாக்டரிகள் நிற்பது பழைய தோட்ட மண்ணில்தான். யாரும் யாரையும் திட்டாமலே இடம் கைமாறிவிடும். தலைப்புகூட 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம்ம வாயில் மாறியதுதான். அர்த்தம், கெட்டவன்.

2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் எதிர்த்து விலகினார். பிரிவுகள் மாறின, 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமானது. திரையில் வராத வில்லன் அந்த விதியில் கொஞ்சம் தலைகாட்டினான்.

மறுபடி பார்க்கும்போது அடிக்கிற கையை மட்டும் பார்க்காதீங்க. அந்தக் குடும்பம் அங்கே எப்படி வந்துச்சுன்னும் கேளுங்க.