போலியை அறியும் கண்

பாகூருக்கும் கல்விக்கும் உள்ள உறவு பழையது. நிருபதுங்கவர்மப் பல்லவனின் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடு, அங்கிருந்த வித்தியாஸ்தானத்திற்கு 3 ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகிறது. வித்தைகள் 14 என்னும் மரபெண்ணிக்கையில் நியாயமும் ஒன்று.

அந்நியாயத்தைத் தமிழில் கற்பிப்பது மணிமேகலையின் 29ஆம் காதை. சுவையற்ற வறண்ட பகுதியென்று அதனைத் தள்ளுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி எனப் பிழைகளை மூவகைப்படுத்துகிறார் அறவண அடிகள். ‘ஒலி அழியக்கூடியது, அறியப்படுவதால்’ என்பது ஏதுப்போலி. அறியப்படுதல், அழிவதற்கும் அழியாததற்கும் பொதுவன்றோ? ‘எங்கும் விற்பனையாகிறது, ஆகவே நல்ல விதை’ என்னும் துண்டறிக்கையும் இப்போலியே. முளைக்காத விதையும் எங்கும் விற்பனையாகலாம். நம்பி வாங்கிய உழவருக்கோ ஒரு போகமே இழப்பு.

எனினும் காப்பியத்தில் ஒரு குறை காண்கிறோம். 27ஆம் காதையில் பிற சமயக் கணக்கரைக் கேட்டு ஏற்க மறுத்த மணிமேகலை, பின்னர்க் கற்ற அளவுகோலால் தன் ஆசிரியர் உரைத்த அறத்தை அளந்து பார்க்கவில்லை. 30ஆம் காதையில் நோன்பேற்று விடுகிறாள். பிறர் எழுத்தில் போலி காண்பது எளிது. நமக்கு உவப்பான எழுத்தையும், நம் தரப்பின் துண்டறிக்கையையும் அதே கோலால் அளப்பதன்றோ கற்றதன் பயன்?