நூறும் நூறும் இருநூறா?

திருச்சி தில்லை நகரில் ஒரு மாடி அறை. நண்பர்களிடம் கடன் வாங்கிய நான்கு லேப்டாப், சென்னை ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய இரண்டு ஸ்விட்ச். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960. ஒவ்வொன்றிலும் 100 எம்பிபிஎஸ் போர்ட்டுகள் 24. சிசிஎன்ஏ தேர்வுப் பாடத்திட்டத்தில் எல்ஏசிபி முறையில் ஈதர்சேனல் அமைப்பதும் உண்டு. அதைக் கற்க இலவசமாகக் கிடைக்கும் பாக்கெட் டிரேசர் என்ற சிமுலேட்டர் போதுமா, நிஜப் பெட்டி வேண்டுமா என்று பார்க்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தேன்.

விஷயம் இதுதான். இரண்டு ஸ்விட்சை இரண்டு கேபிளால் இணைத்தால், லூப் ஏற்படாதிருக்க ஸ்பேனிங் ட்ரீ ஒன்றை அடைத்துவிடும். விளக்கு ஆரஞ்சில் நிற்கும். அந்தக் கேபிள் தண்டம். இரண்டையும் கட்டி ஒரே இணைப்பாகக் காட்டுவதுதான் ஈதர்சேனல். இதைக் கொண்டுவந்தது கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம். 1994இல் சிஸ்கோ அதை வாங்கியது. எல்லாக் கம்பெனிப் பெட்டிகளும் தமக்குள் பேசி இப்படிக் கட்டு சேர்வதற்கான பொது முறை எல்ஏசிபி; அது 2000இல் தரநிலையானது.

முதலில் பாக்கெட் டிரேசர். கட்டளை பழக இதைவிட வசதி இல்லை. 'சேனல்-குரூப் 1 மோட் ஆக்டிவ்' என்று இரு பக்கமும் அடித்தால் வேலை முடிந்தது. நான் இரு பக்கமும் 'பாசிவ்' போட்டுவிட்டு வெகுநேரம் விழித்தேன். நீ பேசு என்று இருவரும் காத்திருந்தால் பேச்சு எப்படித் தொடங்கும்? ஒரு பக்கமாவது ஆக்டிவ் வேண்டும். 'ஷோ ஈதர்சேனல் சம்மரி'யில் போர்ட்டுக்குப் பக்கத்தில் 'பி' விழுந்தால் கட்டு சேர்ந்துவிட்டது என்று பொருள். தப்பு செய்து திருத்த இது நல்ல இடம். ஆனால் நிஜச் சுமையை ஏற்றிப் பார்க்க முடியாது.

அதற்குத்தான் பெட்டி. விசிறி இரைச்சலில் மதியத் தூக்கம் போனது; கன்சோல் கேபிளுக்கு யுஎஸ்பி அடாப்டர் தனியாகத் தேட வேண்டியிருந்தது. பலன் கண்ணெதிரே கிடைத்தது. ஈதர்சேனல் இல்லாமல், ஓடிக்கொண்டிருந்த கேபிளைப் பிடுங்கினேன்: பிங் சுமார் 30 வினாடி செத்துக் கிடந்தது. கட்டிய பிறகு பிடுங்கினேன்: ஒன்று தவறியதோ இல்லையோ, ஓட்டம் நிற்கவில்லை. 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது ஸ்ரீரங்கத்துக்குப் பஸ்ஸில் சுற்றிப் போனவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அடுத்தது வேகம். ஸ்விட்ச் 200 எம்பிபிஎஸ் என்று காட்டியது. ஒரு லேப்டாப்பிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினால் 94தான் வந்தது. சரி, இரண்டு ஜோடியை ஒரே நேரத்தில் விட்டேன், ஐபி முகவரியை வைத்துக் கேபிளைப் பிரிக்கும்படி மாற்றிவிட்டு. ஜோடிக்கு 47! இரண்டும் ஒரே கேபிளில் நெருக்கிக்கொண்டிருக்க, மற்றது சும்மா கிடந்தது.

காரணம் என் ஐபி முகவரிகளின் கடைசி எண்கள். 11லிருந்து 21க்கு, 12லிருந்து 22க்கு. கேபிள் இரண்டு என்றால், அனுப்புபவர், பெறுபவர் எண்களின் கடைசி பிட்டை ஒப்பிட்டே ஸ்விட்ச் வழி பிரிக்கிறது. இரண்டும் ஒற்றைப்படை, அல்லது இரண்டும் இரட்டைப்படை என்றால் ஒரு கேபிள், கலந்திருந்தால் மற்றது. 22ஐ 23 ஆக்கினேன். இரண்டு ஜோடிக்கும் தலா 94.

ஒற்றை ஜோடி 94ஐத் தாண்டாததும் இப்படித்தான்: பக்கத்தில் இன்னொரு பாலம் கட்டினாலும் ஒரே பஸ் இரண்டு பாலத்திலும் ஓடாது. ஒரு உரையாடலின் பாக்கெட்டுகள் முன்பின்னாகப் போய்ச் சேராதிருக்கத்தான் அதை ஒரே கேபிளில் அனுப்புகிறார்கள்.

தீர்ப்பு: தேர்வுக்கு மட்டும் என்றால் பாக்கெட் டிரேசரே போதும், காசைச் செலவழிக்காதீர்கள். வேலைக்குப் போகிறவர், யாரிடமாவது இரண்டு பழைய ஸ்விட்சை ஒருநாள் இரவல் வாங்கிக் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். கேபிளைக் கூட்டினால் வேகம் கூடுமா என்று நேர்காணலில் கேட்டால், 'எத்தனை பேருக்கு?' என்று திருப்பிக் கேட்கத் தோன்றும்.