அமேசன் காடும் கலைஞர் பார்வையும்

வெளியுலகத்தோடு தொடர்பின்றிப் பெருங்காடுகளினூடே வாழும் மக்களைப் பற்றிய எழுத்துக்கு என்றும் வாசகர் உண்டு. "காலம் தீண்டாத மக்கள்", "கற்கால மனிதர்", "இயற்கையின் குழந்தைகள்" என்னும் அடைமொழிகள் அவ்வெழுத்திற் பெய்யப்படுவதும் வழக்கம். ஒருசாரார் அம்மக்களைக் கொடியோராகத் தீட்டுவர். மற்றொரு சாரார் களங்கமற்றோராகப் போற்றுவர். எதிரெதிரான இவ்விரு கூற்றுக்களுக்கும் அடியில் ஒரே எண்ணம் கிடப்பதனை நாம் கவனித்தல் வேண்டும். அம்மக்களுக்கு வரலாறு இல்லை என்பதே அவ்வெண்ணம். இவ்வெண்ணம் எத்துணைப் பொய்யானது என்பதனையும், அப்பொய்யைக் கலையும் இலக்கியமும் எவ்வாறு எதிர்கொண்டன என்பதனையும் அமேசன் காட்டைக் களமாகக் கொண்ட மூன்று படைப்புக்களைக்கொண்டு ஆராய்வதே எமது நோக்கம்.

முதலில் வரலாற்றைக் காண்போம். பெரு நாட்டின் தென்கிழக்கே மத்ரே தே தியோஸ் பிரதேசத்தில், வெளியார் 'மாஷ்கோ பீரோ' என்றழைக்கும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களோடு நெருங்கிய மொழியைப் பேசும் யீனே மக்கள், அப்பெயரில் உள்ள இழிவுக் குறிப்பை விரும்பாது, உடன்பிறந்தோர் எனப் பொருள்படும் 'நோமோலே' என்ற சொல்லாலேயே அவர்களைச் சுட்டுவர். மழையற்ற மாதங்களில் ஆற்று மணற்கரைகளில் ஓலைக்குடில் அமைத்து, ஆமை முட்டை பொறுக்கியும் வேட்டையாடியும் வாழும் இவர்கள், மழை தொடங்கியதும் உட்காட்டுக்குத் திரும்புகின்றனர். கரையோரக் கிராமத்தார் முன் தோன்றி வாழைக்குலையும் கத்தியும் கேட்டுப் பெறுவதும் உண்டு. கத்தியின் பயனை அறிந்தவரை, வாழைக்குலையைக் கேட்டு வாங்குபவரைக் 'கற்கால மனிதர்' என்பது எங்ஙனம் பொருந்தும்? அவர்கள் எம்மை அறியாதவரல்லர். அறிந்தமையாலேயே விலகி நிற்கின்றனர்.

அவ்வறிவு அவர்களுக்கு எவ்வாறு வாய்த்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் றப்பருக்காகப் பசித்திருந்தன. சைக்கிளுக்கும் பின்னர் மோட்டார் வண்டிக்கும் வேண்டிய டயர்கள் அமேசன் காட்டு மரங்களின் பாலிலிருந்தே பிறந்தன. பால் வெட்ட ஆட்கள் வேண்டும். ஆட்களோ காட்டுக் குடிகள். அவர்களை வேட்டையாடிப் பிடித்து அடிமைகொள்வது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. கார்லோஸ் பெர்மின் பிட்ஸ்கரால்ட் என்னும் றப்பர் முதலாளி 1894ஆம் ஆண்டில் தன் கூலிப்படையோடு மனு ஆற்றின் மேற்பகுதியுட் புகுந்தபோது, எதிர்த்து நின்ற மக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். தப்பியோர் ஆற்றங்கரைகளையும் தோட்டங்களையும் கைவிட்டு உட்காட்டினுள் ஓடி ஒளிந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களே இன்றைய நோமோலேயினர் எனக் கருதப்படுகின்றது. ஓரிடத்தில் நிலைத்துப் பயிரிடுவோன் எளிதிற் பிடிபடுவான். அலைபவனைப் பிடித்தல் அரிது. 'நாகரிகத்தின் முதற்படியைக்கூடத் தாண்டாத மக்கள்' எனப்படுவோரின் அலைந்து திரியும் வாழ்வு, நாகரிகம் எனப்பட்டதன் துப்பாக்கிக்கு அவர்கள் கண்ட மறுமொழியேயாகும்.

இவ்வரலாற்றை மனத்திலிருத்திக் கொண்டு படைப்புக்களுக்கு வருவோம்.

கொலம்பிய எழுத்தாளரான ஹொஸே எயுஸ்தாசியோ ரிவேரா 1924ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பெருஞ்சுழி' என்ற நாவல் இலத்தீன் அமெரிக்க இலக்கியத்தின் தூண்களில் ஒன்று. எல்லை வரையறுக்கும் ஆணைக்குழுவொன்றில் பணியாற்றிக் காட்டுப் பிரதேசங்களை நேரிற் கண்டவர் ரிவேரா. ஆர்த்துரோ கோவா என்னும் நகரத்துக் கவிஞன் தன் காதலியோடு ஓடிப்போவதில் தொடங்கும் கதை, மெல்ல மெல்ல றப்பர் அடிமைகளின் நரகத்துள் இறங்குகின்றது. அதில் வரும் கிளெமென்தே சில்வா என்னும் முதிய தொழிலாளியின் கதை மறக்கவொண்ணாதது. மகனைத் தேடிக் காட்டுக்குள் வந்து கடனில் அகப்பட்டு அடிமையானவன் அவன். பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஒருவர், மரத்திலுள்ள வெட்டுக் காயங்களையும் அவன் முதுகிலுள்ள கசைத் தழும்புகளையும் படம் பிடிக்கின்றார். மரத்தின் பாலும் மனிதனின் குருதியும் ஒரே பேரேட்டில் வரவு வைக்கப்படுவதனை இதனினும் தெளிவாக வேறெவரும் காட்டியதில்லை.

ரிவேரா வெறுங் கற்பனையைத் தீட்டவில்லை. புத்துமாயோ ஆற்றுப் பகுதியில் ஹூலியோ செஸார் அரானா என்பவனின் கம்பனி, வித்தோத்தோ, போரா முதலிய குடிகளை எவ்வாறு சித்திரவதை செய்தது என்பதனை ரோஜர் கேஸ்மென்ட் 1910ஆம் ஆண்டில் நேரிற் சென்று விசாரித்தார். அவரது அறிக்கை 1912ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மாண்டோர் தொகை முப்பதினாயிரத்துக்குக் குறையாது என்பது அவர் மதிப்பீடு. அக்கம்பனி இலண்டனிற் பதிவு செய்யப்பட்டிருந்தது. அரானா தண்டிக்கப்படவில்லை; பின்னாளில் பெருவின் செனற்றராகவும் வீற்றிருந்தான். அயர்லாந்தின் விடுதலைக்காகக் கிளர்ந்த கேஸ்மென்டோ 1916ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். ஏகாதிபத்திய நீதி யாரை வாழவைத்தது, யாரைக் கொன்றது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

எனினும் 'பெருஞ்சுழி'யின் குறையையும் நாம் மறைத்தல் ஆகாது. கோவாவும் சில்வாவும் பேசுகின்றனர். காட்டுக் குடிகள் பெரும்பாலும் பின்னணியிலேயே நிற்கின்றனர். மேலும் ரிவேரா, காட்டையே மனிதனை விழுங்கும் அரக்கனாக உருவகிக்கின்றார். நாவலின் முடிவில் கதைமாந்தர் காட்டினுள் சுவடின்றி மறைகின்றனர். கணக்குப் புத்தகமும் கசையும் கொன்ற மனிதரை, ஈற்றில் இயற்கை கொன்றதாகக் காட்டுமிடத்து, நாவலாசிரியர் தாம் திரட்டிய சான்றையே தாம் தளர்த்திவிடுகின்றார். காடு எவரையும் அடிமை கொள்ளவில்லை.

இரண்டாவது படைப்பு ஒரு திரைப்படம். ஜெர்மானிய நெறியாளர் வேர்னர் ஹெர்சோக் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிட்ஸ்கரால்டோ' கான் விழாவிற் சிறந்த நெறியாள்கைக்கான பரிசைப் பெற்றது. காட்டு நகரமான இக்கித்தோஸில் இசைநாடக அரங்கம் எழுப்பும் கனவுக்காக, நீராவிக் கப்பலொன்றை மலைமேல் இழுத்துக் கடத்தும் பித்தனின் கதை அது. அக்காட்சிகளின் ஆற்றலை மறுப்பார் இல்லை. ஆயின் அக்கதாநாயகனின் மூலம் யார்? நாம் மேலே கண்ட அதே பிட்ஸ்கரால்ட்! அவன் கழற்றிய கப்பலொன்றின் பகுதிகளை நில இடுக்கொன்றினூடாகப் பழங்குடியினரின் தோள்களிற் சுமக்கச் செய்தது வரலாறு. திரையில் அவன் இசையில் மயங்கிய அப்பாவியாகின்றான். காட்டு மக்களோ தம் நம்பிக்கையின் பொருட்டு அவனுக்குத் தோள் கொடுப்போராகின்றனர். கட்டாய உழைப்பு கனவாகின்றது, கொலைகாரன் கலைஞனாகின்றான். கலையின் பெயரால் வரலாறு கழுவப்படுவதற்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது. படமெடுக்கும் முயற்சியைத் தம் நிலத்தில் ஏற்க மறுத்த அவாஹுன் மக்கள் 1979ஆம் ஆண்டில் படப்பிடிப்பு முகாமை எரித்தனர். அப்படத்துக்கு முதல் விமர்சனம் எழுதியோர் அவர்களே என்று நாம் கூறின் அது மிகையாகாது.

மூன்றாவது, மாரியோ வர்காஸ் யோசாவின் 'கதைசொல்லி' என்ற நாவல். இது 1987ஆம் ஆண்டில் வெளியானது. லீமா நகரில் மானிடவியல் பயின்ற சாவுல் சுராத்தாஸ் என்னும் யூத இளைஞன், முகத்திற் பெருமறுவோடு பிறந்தவன், நகரத்தைத் துறந்து மச்சிகெங்கா மக்களிடையே அலையும் கதைசொல்லியாகிவிடுகின்றான். ஓர் அத்தியாயம் நகர எழுத்தாளன் கூற்றாகவும் மறு அத்தியாயம் காட்டுக் கதைசொல்லியின் கூற்றாகவும் மாறி மாறி வருகின்றன. றப்பர்க் காலம், மரங்களின் குருதி வடித்த காலமாக அம்மக்களின் நினைவிற் பதிந்திருப்பதனை இந்நாவல் உட்புறமிருந்து கூற முயல்கின்றது. இது ரிவேராவிடம் இல்லாத பேறு.

இந்நாவலில் எம்போன்றோர் நின்று சிந்திக்க வேண்டிய இடமொன்று உண்டு. நகர எழுத்தாளன் தன் மாணவப் பருவத்தில் சோஷலிசச் சார்பினன். சமுதாய மாற்றம் ஏற்பட்டால் இம்மக்களின் பிரச்சினையும் தீரும் என வாதிடுகின்றான். சாவுல் அதனை ஏற்பதில்லை. மாற்றத்தின் பெயரால் அம்மக்கள் முற்றாகக் கரைந்துபோவர் என்பது அவன் அச்சம். இவ்வினாவை ஒரு பிற்போக்காளனின் தந்திரம் என்று தள்ளிவிடுவது எளிது. வர்காஸ் யோசா பின்னாளில் வலதுசாரியாகி, நவீனமயமாக்கத்தின் பொருட்டுப் பழங்குடிப் பண்பாடுகளைப் பலியிட நேரினும் அதனை ஏற்கவேண்டும் என்ற கருத்தை 1990ஆம் ஆண்டில் வெளிப்படையாகவே எழுதினார். எனினும் கேட்டவர் யார் என்பதனால் வினா பொய்யாகிவிடாது.

எமது முகாமிலும் ஏணிப்படிக் கோட்பாடு ஒன்று வேரூன்றியுள்ளது. மோர்கனையும் ஏங்கெல்ஸையும் மேலோட்டமாகக் கற்றோர், காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை எனப் படிகளை எண்ணி, கீழ்ப்படியில் நிற்போரை மேலே இழுத்துவிடுவதே முற்போக்கு என நம்பிவிடுகின்றனர். ஆனால் மார்க்ஸ் தாமே 1881ஆம் ஆண்டில் வேரா சசூலிச்சுக்கு எழுதிய கடிதத்தில், தாம் விளக்கிய முதலாளித்துவத் தோற்றத்தின் தவிர்க்கவியலாமை மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கே உரியதென வரையறுத்தார். பெருவின் மார்க்சிய அறிஞர் மரியாத்தெகி 1928ஆம் ஆண்டில், இந்தியக் குடிகளின் பிரச்சினை கல்விப் பிரச்சினையோ அறப் பிரச்சினையோ அன்று, நிலப் பிரச்சினையே என நிறுவினார். அவர் கண்முன் நின்றது அந்தீஸ் மலைநாடு. ஆயினும் அக்கூற்று காட்டுக்கும் பொருந்தும்.

ஏட்டுக் கோட்பாடு நடைமுறையிற் செய்வது யாது என்பதற்கு ஈக்குவடோர் சான்று. அங்குள்ள யாசுனிக் காட்டில் தகாயேரி, தரோமெனானே என்னும் ஒதுங்கி வாழும் குடிகள் உள்ளனர். அக்காட்டின் எண்ணெயைத் தோண்டாது விடுவதாகவும், அதற்கீடாக உலக நாடுகள் நிதி தரவேண்டுமெனவும் 2007ஆம் ஆண்டில் அறிவித்த ரபாயேல் கொர்ரேயாவின் இடதுசாரி அரசே, நிதி சேரவில்லை என்று 2013ஆம் ஆண்டில் அத்திட்டத்தைக் கைவிட்டுத் தோண்டுதலுக்கு வழிவிட்டது. வறுமை ஒழிப்பே காரணமாகக் கூறப்பட்டது. அதனைத் திருத்தியவர் மக்களே. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடந்த வாக்கெடுப்பில், எண்ணெய் மண்ணிலேயே இருக்கட்டும் என நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேர் தீர்ப்பளித்தனர்.

பெருவின் முன்னாள் ஜனாதிபதி அலன் கார்சியாவோ 2007ஆம் ஆண்டில், தொடர்பற்ற காட்டுவாசி என்னும் உருவமே சூழல் ஆர்வலர் படைத்ததெனப் பத்திரிகையில் எழுதினார். எண்ணெய்க்கு இடம் வேண்டுமாயின், ஆங்குள்ள மக்கள் கற்பனைப் பாத்திரமாகிவிடல் வேண்டும்! ஆனால் தொடர்பின் விலை யாது என்பதும் பெருவிலேயே பதிவாகியுள்ளது. 1984ஆம் ஆண்டில் மரம்வெட்டுவோரால் வெளியுலகத் தொடர்புக்கு உள்ளான நஹுவா மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர், எமக்குச் சாதாரணமான சளிச்சுரம் முதலிய நோய்களால் மாண்டனர். 2024ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான படங்களில், நோமோலேயினர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் ஆற்று மணலில் நிற்பதனை உலகம் கண்டது. மரம்வெட்டும் உரிமை வழங்கப்பட்ட நிலங்கள் அவ்விடத்துக்கு மிக அண்மையில் இருந்தன. றப்பர் போய் மரமும் எண்ணெயும் வந்தன. மக்கள் இன்னும் பின்வாங்கிக்கொண்டே இருக்கின்றனர்.

இவை எட்டாத் தொலைவிலுள்ள செய்திகள் என்று ஈழத்து வாசகர் எண்ணலாகாது. அமேசன் கரையிலிருந்து 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் கடத்திய விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, ஏறத்தாழ ஆயிரத்துத் தொளாயிரம் கன்றுகளாக அதே ஆண்டில் இலங்கைக்கு வந்தன, ஹெனரத்கொடையில் நடப்பட்டன. 1913ஆம் ஆண்டளவில் ஆசியத் தோட்ட றப்பர் பிரேசிலின் காட்டு றப்பரை விஞ்சிற்று. அமேசனில் மனித வேட்டை தணிந்தமைக்கு ஐரோப்பாவின் மனச்சாட்சியைக் காட்டிலும், களுத்துறையிலும் கேகாலையிலும் மலாயாவிலும் மலிந்த கூலிக்குக் கிடைத்த உழைப்பே பெருங்காரணமாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எமது தொழிலாளரின் வியர்வைக்கும் நோமோலேயினரின் ஒளிவு வாழ்வுக்கும் இடையே ஒரே சந்தையின் கயிறு ஓடுகின்றது. ஓரிடத்துச் சுரண்டலை மற்றோரிடத்துச் சுரண்டல் மலிவால் வென்றது, அவ்வளவே.

ஆகவே இத்தகைய படைப்புக்களை மதிப்பிடுதற்கு நாம் கொள்ளவேண்டிய அளவுகோல் யாது? அம்மக்களை எத்துணை அழகாக வருணித்தது என்பதன்று. அவர்களை விரட்டிய கையைக் காட்டிற்றா என்பதே. ரிவேரா பெருமளவு காட்டினார், ஹெர்சோக் மறைத்தார், வர்காஸ் யோசா வினாவை எழுப்பிவிட்டு, விடையிலிருந்து விலகிச் சென்றார். மூவரது படைப்பிலும் அம்மக்கள் தாமே பேசவில்லை என்பதும் உண்மை. பேசாதிருத்தலே அவர்கள் எமக்குக் கூறும் செய்தியாயின், அதனைத் தம் குரலால் நிரப்ப விரையாத அடக்கமும் கலைஞனுக்கு வேண்டும்.

முற்போக்கு என்பது பிறர் வீட்டுக் கதவைத் தட்டாமலே உள்நுழையும் உரிமையன்று. வரும் நாளும் வழியும் அவர்கள் தேர்வதற்குரியன. அதுவரை அவர்தம் நிலத்தின் எல்லையைக் காப்பது எமது கடன். வகுப்பறையில் 'கற்கால மனிதர்' என்ற பாடம் வருமிடத்து, 1894ஆம் ஆண்டின் கதையையும் சேர்த்துச் சொல்லும் ஆசிரியர் ஒருவர் இருப்பின், அப்பொய் அவ்வகுப்பறையிலேனும் நின்றுவிடும்.