படமும் உரையும்

செய்யுளுக்குப் பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை எனப் படிப்படியாக உரை காண்பது தமிழ் மரபு. புள்ளிவிவரப் படத்துக்கும் அத்தகைய உரைப் படிகள் உண்டு என்பதை, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆலன் லண்ட்கார்டு, அரவிந்த் சத்யநாராயண் ஆகிய இருவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வுரை காட்டுகிறது. பார்வையற்றோர் பொருட்டு எழுந்த அவ்வாய்வின் நிறையும் குறையும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

2020-இல் கொரோனா நோய் பரவியபோது, அது பெருகுகிறதா, தணிகிறதா என்பதை இணையத்தில் கோட்டுப் படங்களே உணர்த்தின. பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் இணையத்தைச் செவிவழிப் படிப்பவர். அது எழுத்தைப் படிக்கும். உரை இணைக்கப்படாத படத்தை விளக்காது. தம் உயிர் பற்றிய செய்தியையே பிறர் சொல்லக் கேட்டறியும் நிலை பலருக்கு நேர்ந்தது. படத்துக்கு ஈடான உரை வேண்டுமென்பது 1999-இலேயே உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வகுத்த நெறிகளுள் முதலாவதாகும். எவ்வுரை நல்லுரை என்பதே எஞ்சிய வினா.

இவ்வினாவுக்கு விடை காண, ஆய்வாளர் 2,147 ஆங்கில வாக்கியங்களைத் திரட்டி நால்வகைப்படுத்தினர். நோய்ப் படத்தையே சான்றாகக் கொள்வோம். கிடையச்சில் நாளும் நிலையச்சில் நோயாளர் தொகையும் உள்ளன என்பது முதற்படி. மிகுதியான தொகை எது, குறைந்தது எது என்பது இரண்டாம் படி. மெல்ல ஏறி, விரைந்து உயர்ந்து, பின் சாய்ந்தது என்னும் போக்கு மூன்றாம் படி. ஊரடங்கினால் தணிந்தது எனக் காரணம் கற்பிப்பது நான்காம் படி.

பின்னர்ப் பார்வையற்றோர் 30 பேரிடமும் பார்வையுடையோர் 90 பேரிடமும் இவற்றின் பயனை வினவினர். இருசாராரின் விடைகளும் வேறுபட்டன. பார்வையுடையோர் பெரிதும் விரும்பிய நான்காம் படியைப் பார்வையற்றோருள் பலர் ஏற்கவில்லை. கருத்தைத் தாமே உருவாக்கிக்கொள்ள விழைந்தனர். இரக்கத்தால் அனைத்தையும் விளக்கிவிட முனைவோர்க்கு இது நல்லதோர் இடித்துரை. இவ்வாய்வின் தலையாய சிறப்பும் இதுவே.

எனினும் ஒரு குறை உண்டு. உரை எத்துணைச் சிறந்ததாயினும், உரைகாரர் தேர்ந்தவற்றையே, அவர் வைத்த வரிசையிலேயே தரும். கண்ணுடையார் படத்தில் வேண்டிய இடத்தை வேண்டியபோது நோக்குவர். செவியால் படிப்பார்க்கு அவ்வுரிமை இல்லை. 2022-இல் சத்யநாராயண் குழுவினர், பார்வையற்ற ஆய்வாளர் ஒருவரையும் உடன்கொண்டு, இக்குறையைக் களைய முற்பட்டனர். படத்தை மரக்கிளை போல் பகுத்து, விசைப்பலகையால் முழுமையிலிருந்து அச்சுக்கும், அங்கிருந்து தனித்தனி எண்ணுக்கும் இறங்கிச் செல்ல வழி செய்தனர். எங்கே நிற்பது, எதை ஒப்பிடுவது என்பதைப் படிப்பவரே தீர்மானிப்பர்.

தமிழில் இவ்வுரை எழுதுவோர் கருதவேண்டியது மற்றொன்றும் உண்டு. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் வரும். நெடிய வாக்கியமாயின், ஏறியதா இறங்கியதா என்பதைக் கேட்போர் கடைசிவரை அறியார். ஆதலின் சிறு வாக்கியங்களே ஏற்றவை; போக்கை முதல் வாக்கியத்திலேயே கூறிவிடுதல் நலம்.

நல்லுரை மூலத்தை மறைப்பதன்று. மூலத்திடம் அழைத்துச் செல்வது. செய்யுளுரைக்குத் தமிழாசிரியர் கொள்ளும் இவ்வளவுகோல் படத்தின் உரைக்கும் பொருந்துவதேயாம்.