வலையை அறுத்தது யார்?

ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கிக்க நேரும்போது நம்மில் பலர் கையாளும் கதை, வலையோடு பறந்த பறவைகளின் கதையாகும். அதனை ஏழு நிமிடச் சித்திரப்படமாக்கியது, 1974இல் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் வெளியிட்ட ‘ஏக், அநேக் அவுர் ஏக்தா’. விஜயா முலே இயக்க, பீம்சைன் சித்திரங்களுக்கு அசைவூட்டினார். தூர்தர்ஷன் வாயிலாக ஒரு தலைமுறையே இதனைக் கண்டது. வடமாநிலத் தொழிலாளர் திரளாகக் குடியேறியுள்ள திருப்பூரில், இந்தி பேசும் பிள்ளைகளுக்கு இதைத் திரையிட எண்ணும் ஆயர்கள் இதன் கதையமைப்பைச் சற்று ஆராய்தல் நலம்.

படம் கதைக்குள் கதையாக அமைந்துள்ளது. மரத்தில் எட்டாத மாம்பழம். ‘ஒன்று’, ‘பல’ என்பவற்றை விளக்கும் அக்காள். அவள் கூறும் பறவைக் கதை. முடிவில் ஒன்றுகூடிப் பழம் பறிக்கும் சிறுவர். ஏழு நிமிடங்களில் இத்துணைச் செறிவு அரிதே. ஆயினும் உள்கதையும் வெளிக்கதையும் முற்றிலும் பொருந்துவன அல்ல. சிறுவர் தம் முயற்சியாலேயே பழத்தைப் பெறுகின்றனர். பறவைகளோ தாமாக விடுதலை பெறவில்லை. ஒற்றுமை அவற்றை வேடனிடமிருந்து தப்புவித்தது உண்மையே. எனினும் வலையும் உடன் பறந்தது. அதனை அறுத்தவை எலிகள்: வேற்றினத்தவை, வலைக்குப் புறம்பே இருந்தவை. படம் அவற்றை விரைந்து கடந்து, ஒற்றுமைக்கே முழுப் புகழையும் அளித்துவிடுகிறது. வேடன் ஏன் வலை விரித்தான் என்று எவரும் கேட்பதுமில்லை.

பஞ்சதந்திரத்தில் இவ்விடமே கதையின் உச்சம். புறாவரசன் சித்திரக்கிரீவன் தன் கட்டை அறுக்க வந்த எலி இரணியகனைத் தடுத்து, தன்னைச் சார்ந்தோரை முதலில் விடுவிக்க வேண்டுகிறான். எலியின் பல் தேய்ந்துவிட்டால் என் செய்வது என்பது அவன் கவலை. இவ்வரசனைப் படம் விட்டுவிட்டது. அவனோடு, தலைமை தன்னைக் கடைசியில் நிறுத்திக்கொள்ளும் காட்சியும் போயிற்று. நல்ல சமாரியன் உவமையில் கேட்கப்பட்ட வினாவே முடிவில் திரும்பிக் கேட்டவனைச் சந்திக்கிறது. இங்கோ கேட்ட வினாவிற்குக் கேட்டபடியே விடை கிடைக்கிறது.

திருப்பூரில் இஃது வெறும் இலக்கிய ஆராய்ச்சியன்று. 1984இல் பஞ்சப்படி கோரிப் பனியன் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் அது. நான்கு மாதம் ஒன்றாய் நிற்பதற்கு ஒற்றுமை மட்டும் போதாது. அடுப்பெரிய அரிசி வேண்டும், கடன் தர மளிகைக்கடை வேண்டும். வலையோடு பறப்பது எத்தகையது என்பதை அத்தொழிலாளருக்கு எந்தப் படமும் கற்பிக்க வேண்டியதில்லை. நான் திரையிடுவதாயின், எலிகள் தோன்றும் இடத்தில் படத்தை நிறுத்தி, பிள்ளைகளைச் சற்று நேரம் பேசவிடுவேன்.