கடை ஏன் இறங்குகிறது?

நாவலாசிரியர்களுக்கு வியாபாரம் தெரியாது என்பது பொதுவான அபிப்பிராயம். பெரும்பாலும் சரியான அபிப்பிராயமும்கூட. ஆனால் மலிவு விலையில் மலைமலையாகச் சரக்கை விற்கிற ஒரு பெரிய கடை எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்பது பற்றி நான் படித்தவற்றில் மிகவும் தெளிவானது வியாபாரக் கல்லூரிக்காரர்கள் எழுதிய புஸ்தகம் அல்ல. எமிலி ஜோலா என்ற பிரெஞ்சு நாவலாசிரியர் 1883-ல் வெளியிட்ட ஒரு நாவல். பிரெஞ்சு தெரியாத நான் அதை ‘தி லேடீஸ் பாரடைஸ்’ என்ற இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். ஜோலாவின் இருபது நாவல் வரிசையில் அது பதினோராவது. ‘நானா’வையும் ‘ஜெர்மினா’லையும் தேடிப் படிக்கிறவர்கள்கூட இதைத் தொடுவதில்லை. அது அவர்களுக்கு நஷ்டம்.

கதை எளிமையானது. 1860-களின் பாரிஸ். தாய் தகப்பனை இழந்த டெனிஸ் என்ற பெண் இரண்டு தம்பிகளையும் அழைத்துக்கொண்டு பெரியப்பாவை நம்பிப் பட்டணத்துக்கு வருகிறாள். பெரியப்பாவுக்கு இருட்டடைந்த பழைய ஜவுளிக்கடை. எதிர்ச் சாரியில் ஆக்டேவ் மூரே என்பவனுடைய பிரம்மாண்டமான கடை: கண்ணாடி, வெளிச்சம், பட்டு, குடை, கையுறை, ஜன வெள்ளம். பெரியப்பாவின் வியாபாரம் படுத்துக்கொண்டே வருகிறது. டெனிஸ் வேறு வழியின்றி எதிர்க் கடையிலேயே விற்பனைப் பெண்ணாகச் சேருகிறாள். கடைசியில் மூரேயே அவளைக் கல்யாணம் செய்துகொள்ள முன்வருகிறான். ஜோலாவுக்கு அக்கறை இந்தக் கதையில் இல்லை, கடையில்தான். போன் மார்ஷே, லூவ்ரு என்ற பாரிஸ் கடைகளுக்குப் போய், சிப்பந்திகளை விசாரித்து, கட்டுக்கட்டாகக் குறிப்பெழுதிய பிறகே பேனாவைத் தொட்டார். அந்த உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. துணி வகைகளின் ஜாபிதாவைப் பக்கக் கணக்கில் படிக்க எனக்குப் பொறுமை போதவில்லை.

மூரேயின் வித்தை என்ன? பேரம் கிடையாது, விலைச் சீட்டில் போட்ட விலைதான். ஒரு சரக்கில் கொஞ்சம் லாபம் வைத்து, சீக்கிரம் விற்று, அந்தப் பணத்தையே மறுபடி சரக்காக்கி, மறுபடி விற்பது. ஒரே முதல் வருஷத்தில் பல தடவை கடைக்குள் வந்து போகவேண்டும். பிடிக்காததைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரு சரக்கையாவது நஷ்டத்துக்கு விற்றுவிடவேண்டும். ‘பாரி பொனேர்’ என்ற ஒரு பட்டை 5 ஃபிராங்க் 60 சான்டீமுக்கு, அடக்க விலைக்கும் கீழே கொடுக்கிறான். அந்தப் பட்டுக்காக வந்தவள் அதோடு திரும்பமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். இன்றைக்கு அமெரிக்காவில் நடக்கிற தள்ளுபடிக் கடைகள் இந்த நாலைந்து சூத்திரங்களுக்கு மேல் அதிகமாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்பதாவது அத்தியாயம். கடையை விஸ்தரித்து, புதிய பகுதிகளைத் திறக்கப் போகிற சமயம். எல்லாம் ஒழுங்காக, வரிசையாக, இன்னது இன்ன இடத்தில் என்று வைத்தாகிவிட்டது. மூரே சுற்றிப் பார்க்கிறான். திடீரென்று, எல்லாவற்றையும் கலைக்கச் சொல்லுகிறான். கூட்டாளிக்குத் தலை சுற்றுகிறது. இரண்டு நாளில் திறப்பு, இப்போதா? மூரே காரணம் சொல்லுகிறான். இவ்வளவு ஒழுங்காக வைத்தால், வருகிறவள் நேரே போய் வேண்டியதை வாங்கிக்கொண்டு நேரே வெளியே போய்விடுவாள். அவள் வழி தவறவேண்டும். கையுறைக்கு வந்தவள் பாத்திரத்தைத் தாண்டி, ரிப்பனைத் தாண்டி, தான் கால் வைக்க நினைத்தே இராத இடங்களையெல்லாம் தாண்டிப் போகவேண்டும். அப்போதுதான் கடையும் மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். கையும் சும்மா இராது. வியாபார மூளையை இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு விஷமத்தோடு காட்டிய காட்சி வேறு எந்த நாவலிலும் எனக்கு அகப்பட்டதில்லை.

இந்தக் காட்சியை மனசில் வைத்துக்கொண்டு, நூற்றிருபத்தைந்து வருஷம் தள்ளி அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். உலகத்திலேயே மிகப் பெரிய தள்ளுபடிக் கடையான வால்மார்ட் 2008-ஐ ஒட்டித் தன் கடைகளைச் சீர்திருத்தப் புறப்பட்டது. நடைபாதைகளின் நடுவே குவித்துக் கிடந்த சரக்குகளை அகற்றினார்கள். அலமாரிகளைத் தணித்தார்கள். மெதுவாக விற்கிற ஆயிரக்கணக்கான சாமான்களை ஒழித்தார்கள். வாடிக்கைக்காரர்களைக் கேட்டபோது அவர்களும், ‘ஆகா, கடை விசாலமாக, சுத்தமாக இருக்கிறது’ என்றுதான் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் குறைவாக வாங்கினார்கள்! ஒரு வருஷத்துக்கு மேல் நடந்துவரும் கடைகளின் விற்பனையை முந்திய வருஷத்தோடு ஒப்பிடுவது அந்தத் தொழிலின் நாடி பிடிக்கும் முறை. அமெரிக்காவில் வால்மார்ட்டின் நாடி 2009 முதல் இரண்டு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து இறங்கியது. 2011-ல் ஏறக்குறைய 8,500 சாமான்களை மறுபடி அலமாரிக்குக் கொண்டுவந்தார்கள்; நடைபாதைக் குவியல்களும் திரும்பி வந்தன. பிறகுதான் நாடி நிமிர்ந்தது. அந்தக் கம்பெனியின் பெரிய உத்தியோகஸ்தர்களில் ஒருவராவது ஜோலாவைப் படித்திருந்தால் எவ்வளவு பணம் மிஞ்சியிருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஆனால் அலமாரி ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட்டால் அது நேர்மையாகாது. அது அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். மாதக் கடைசி இரவில் குடும்பத்தோடு கடைக்கு வந்து, குழந்தையின் பால் மாவையும் ரொட்டியையும் வண்டியில் எடுத்து வைத்துக்கொண்டு, மணி பன்னிரண்டு அடித்துச் சர்க்கார் உதவிப் பணம் தங்கள் அட்டையில் ஏறும் வரையில் காத்திருந்தவர்களைப் பற்றி அந்தக் கம்பெனியின் தலைவர்களே வெளிப்படையாகப் பேசினார்கள். வாங்குகிறவனின் மடி காய்ந்தால் எந்த மலிவும் செல்லாது. ஜோலாவுக்கு இதுவும் தெரியும். மூரேயின் வாடிக்கைக்காரிகளில் மார்த்தி என்று ஒரு அம்மாள். புருஷன் பள்ளிக்கூட உபாத்தியாயர். அவள் ஒவ்வொரு தடவையும் பை நிறைய வாங்கி வர, அந்த மனுஷர் டியூஷன் மேல் டியூஷனாகச் சொல்லிக்கொடுத்து ஓடாகத் தேய்கிறார். முடிவில் வேலையும் போய், புத்தியும் பேதலித்து, இல்லாத புதையலை வாரி வாரி இறைப்பதாக மனப்பால் குடிக்கிறார். சம்பளக்காரக் குடும்பத்தில் பிறந்த எவரும் இந்தச் சில வரிகளை நிம்மதியாகத் தாண்டிப் போக முடியாது.

வால்மார்ட் விழுந்து எழுந்தது. எழாமலே போன கடை ஒன்று உண்டு. ஐந்து சென்ட், பத்து சென்ட் சாமான்களை விற்றுப் பெருத்த கிரெஸ்கி கம்பெனி, 1962 மார்ச்சில் மிச்சிகன் மாகாணத்துக் கார்டன் சிட்டியில் முதல் கே-மார்ட்டைத் திறந்தது. அதே வருஷம்தான் வால்மார்ட்டும் டார்கெட்டும் பிறந்தன. மூன்றில் கே-மார்ட்தான் கொழுகொழுவென்று வளர்ந்த பிள்ளை. 1970-களில் ஸியர்ஸுக்கு அடுத்தபடி அமெரிக்காவின் பெரிய சில்லறை வியாபாரி அதுவே. 1965-லிருந்து அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. போலீஸ் வண்டியில் சுழலுவது போன்ற ஒரு நீல விளக்கைக் கழியில் கட்டிக் கடைக்குள் எங்காவது ஒரு மூலையில் திடீரென்று ஏற்றுவார்கள். அந்த மூலைச் சரக்கு சில நிமிஷங்களுக்குத் தள்ளுபடி விலை. கூட்டம் அங்கே ஓடும். மூரே பார்த்திருந்தால் அந்த ஆளைக் கட்டித் தழுவியிருப்பான்.

பிறகு கே-மார்ட்டுக்குத் தன் தொழிலே அலுத்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். 1980-களில் புஸ்தகக் கடை, வீடு கட்டும் சாமான் கடை என்று வேறு வேறு கடைகளை வாங்க ஆரம்பித்தது. விளையாட்டுச் சாமான் கடையும் பின்னால் சேர்ந்தது. சொந்தக் கடைகளில் தரை தேய்ந்தது, விளக்கு மங்கியது. அதே வருஷங்களில் வால்மார்ட் லாரிகளிலும், கிடங்குகளிலும், கம்ப்யூட்டரிலும் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. 1987-ல் தன் கடைகளையெல்லாம் செயற்கைச் சந்திரன் மூலம் பிணைத்துவிட்டது. எந்த ஊரில் எந்த சோப்பு தீர்ந்தது என்று அதற்கு உடனே தெரியும். கே-மார்ட்டில் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வருகிறவளுக்கு, விளம்பரம் செய்த சாமான் அலமாரியில் இராது. அவள் சண்டை போடுவதில்லை, புகார் எழுதுவதில்லை. அடுத்த வாரம் வேறு கடைக்குப் போகிறாள். கணக்குப் புஸ்தகத்தில் இது தெரிய வருஷங்கள் ஆகும். 1990-ல் வால்மார்ட் விற்பனையில் கே-மார்ட்டைத் தாண்டியது. மறு வருஷம் நீல விளக்கையும் அணைத்தார்கள்.

2001-ல் விளக்கை மறுபடி ஏற்றி, வால்மார்ட்டோடு நேருக்கு நேர் விலைச் சண்டைக்கு இறங்கினார்கள். அதே கையோடு விளம்பரத் தாள்களையும் குறைத்தார்கள். கிறிஸ்துமஸ் வியாபாரம் கவிழ்ந்தது. 2002 ஜனவரியில் கே-மார்ட் திவால். இந்தச் சண்டையையும் ஜோலா எழுதிவைத்திருக்கிறார். மூரேயிடம் பட்டுப் பகுதியில் வேலை பார்த்து வெளியேறிய ரோபினோ, ஒரு பட்டு உற்பத்தியாளரின் பக்கபலத்தோடு சின்னக் கடை வைத்து, மூரேயின் பட்டுக்குப் போட்டியாகச் சில சான்டீம் குறைத்து விற்கிறான். மூரேயும் சில சான்டீம் குறைக்கிறான். மறுபடி இவன். மறுபடி அவன். நஷ்டத்தை எத்தனை நாள் தாங்க முடியும் என்பது விலைச் சீட்டில் இல்லை, பின்கட்டில் இருக்கிறது என்பது ரோபினோவுக்குப் புரியும்போது கடன் கழுத்துவரை வந்துவிட்டது. ஒரு நாள் ஒம்னிபஸ் வண்டியின் சக்கரத்தடியில் போய் விழுகிறான்.

இவ்வளவு தெரிந்த ஜோலாவிடம் எனக்கு உள்ள குறை இதுதான். அவருடைய புஸ்தகத்தில் பெரிய கடை ஏறிக்கொண்டே போகிறது; இறங்குவதே இல்லை. மூன்று பெரிய விற்பனை நாட்களை எழுதுகிறார். முதல் நாள் வரவு 80,000 ஃபிராங்குக்கு மேல். இரண்டாவது 5,87,000. கடைசி நாள் பத்து லட்சம். சிப்பந்திகள் பணத்தை மூட்டையாகச் சுமந்து வந்து முதலாளியின் மேஜை மேல் போடுகிறார்கள். அந்த மேஜை அருகிலேயே டெனிஸுக்கும் அவனுக்கும் கல்யாணம் நிச்சயமாகிறது. பெரியப்பா மகள் செத்தாள், பெரியம்மா செத்தாள், பெரியப்பா கடையும் போயிற்று. டெனிஸ் அழுகிறாள், ஆனால் காலத்தின் போக்கு இது, புதியது பிறக்கப் பழையது சாகத்தான் வேண்டும் என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறாள். அதைச் சொல்லுவது டெனிஸ் அல்ல, ஜோலா என்றே எனக்குப் படுகிறது. இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று கடைசிவரை முரண்டு பிடிக்கிற குடைக்காரக் கிழவரின் வாயிலிருந்து ஒரு பொய்யான வார்த்தை வரவில்லை. டெனிஸின் வாயிலிருந்து பல வருகின்றன.

புதியது பழையதைத் தின்னும் என்பது விதியானால், மூரேயைத் தின்ன யாரோ ஒருவன் தெருமுனையில் கடை திறந்திருக்கவேண்டும் அல்லவா? ஏற்றத்தை எழுதுவது சுலபம். அதற்குக் கூட்டம் உண்டு, சத்தம் உண்டு, நிறம் உண்டு. இறக்கத்தில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? வராதவர்கள்தான் இருக்கிறார்கள். ஜோலா அதையும் எழுதக்கூடியவர் என்பதற்கு அத்தாட்சி புஸ்தகத்திலேயே இருக்கிறது. கோடையில் வியாபாரம் மந்தமாகும் ஓர் அத்தியாயம். சின்னத் தப்புக்கெல்லாம், தப்பே இல்லாததற்கும், சிப்பந்திகளைக் கணக்குத் தீர்த்து அனுப்புகிறார்கள். ஒவ்வொருவனும் பக்கத்தில் இருப்பவனைச் சந்தேகிக்கிறான். டெனிஸும் அப்போதுதான் வெளியே தள்ளப்படுகிறாள். அந்தக் கோடையை அவர் இருபது வருஷமாக நீட்டியிருந்தால் கே-மார்ட்டின் கதை கிடைத்திருக்கும். 2002-லும் 2003-லுமாக அந்தக் கம்பெனி மூடிய கடைகள் ஏறக்குறைய 600. ஒவ்வொன்றிலும் ஒரு டெனிஸ் இருந்திருப்பாள். எழுதத்தான் ஆள் இல்லை.

பெருநிலப்பரப்பில் மிஞ்சியிருந்த கடைசி முழு அளவு கே-மார்ட், நியூயார்க் மாகாணத்துப் பிரிட்ஜ்ஹாம்ப்டனில் 2024 அக்டோபரில் மூடப்பட்டது. ஜோலா குறிப்பெடுத்த போன் மார்ஷே இன்னும் பாரிஸில் இருக்கிறது. ஆனால் 1984 முதல் அது ஆடம்பரச் சாமான் முதலாளிகளின் கை மாறிவிட்டது. மலிவுக்காக அங்கே போகிறவர் எவரும் இல்லை. நாவலைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை: சரிகைப் பட்டியல்களைத் தாண்டுங்கள், ஒன்பதாவது அத்தியாயத்தை இரண்டு தடவை படியுங்கள், கடைசிப் பத்துப் பக்கத்தைப் படிக்காமல் விட்டாலும் பாதகமில்லை.